காணிப்பாக்கம் வரை சைக்கிள், தட்டில் கேழ்வரகுக் களி

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். ஏறி முடித்து, நனைந்த சட்டையோடு உட்காரும்போது, "இன்னைக்கு ஒரு கிலோ குறைஞ்சிருக்கும்" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். குறைந்தது தண்ணீர்தான். இரண்டு சொம்பு குடித்ததும் திரும்பி வந்துவிடும்.

உண்மையில் எவ்வளவு கரைகிறது? அடிவாரத்துக்கும் திருமலைக்கும் ஏறக்குறைய 700 மீட்டர் உயர வித்தியாசம். 70 கிலோ உடலை அவ்வளவு உயரம் தூக்க சுமார் 115 கலோரி போதும். ஆனால் நம் தசை, தான் எரிப்பதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். மிச்சம் சூடாக வெளியேறிவிடும். ஆகவே செலவு 460 கலோரி. ஒன்பது கிலோமீட்டர் நடையையும் சேர்த்தால் 700-ஐ ஒட்டி வரும். மேலே கிடைக்கும் லட்டின் எடை சுமார் 175 கிராம். கடலைமாவு, சர்க்கரை, நெய், முந்திரி எல்லாம் சேர்ந்த அந்த ஒரு லட்டிலும் ஏறக்குறைய 700 கலோரி இருக்கும். பிரசாதத்தைக் கிள்ளி நாலு பேருக்குக் கொடுத்துச் சாப்பிடுவது நம் வழக்கம். அந்த வழக்கம் உடம்புக்கும் நல்லது.

தினமும் மலையேற முடியாது, சைக்கிள் மிதிக்கலாம். சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறக்குறைய 24 கிலோமீட்டர். 70 கிலோ எடையுள்ளவர் நிதானமாக ஒன்றரை மணி நேரம் மிதித்தால், சும்மா இருந்தாலும் செலவாவதைக் கழித்து, 600 கலோரி கூடுதலாகச் செலவாகும். ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும். கணக்குப்படி பதின்மூன்று முறை காணிப்பாக்கம் போய்வர வேண்டும், அதுவும் வழியில் நெய்ப் பொங்கலும் வடையும் சாப்பிடாமல். அந்த ஒரு சிற்றுண்டியே மிதித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும்.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. தான்சானியாவில் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழும் ஹட்சா மக்களை ஹெர்மன் பான்ட்சர் குழு ஆராய்ந்து 2012-ல் முடிவை வெளியிட்டது. நாளெல்லாம் நடக்கும் அவர்களின் மொத்த ஆற்றல் செலவு, உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் மேலைநாட்டவரின் செலவைப் போலவே இருந்தது. உழைப்பு கூடும்போது உடல் வேறு இடங்களில் சிக்கனம் பிடிக்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம்.

அப்படியானால் சைக்கிள் எதற்கு? எடை காட்டும் எந்திரத்துக்குத் தெரியாத வேலையை அது செய்கிறது. 2004-ல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவரின் உடல் நிறைக் குறியீடும் 22.3தான். ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிந்தும் உள்ளே கொழுப்பைச் சுமப்பது நம்மவர் உடல்வாகு. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு, இந்தியப் பெரியவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாகச் சொன்னது. குடலையும் ஈரலையும் சுற்றிப் படியும் இந்தக் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் கதவைத் திறந்துவிடுகிறது. விடாமல் மிதித்தால், எடை அசையாவிட்டாலும் இது குறைகிறது. மிதிக்கும் தொடைத் தசை, இன்சுலின் வந்து சொல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் திறனும் பெறுகிறது.

எடையைக் குறைப்பது பெரும்பாலும் தட்டுதான். அதற்கு நம் பக்கத்துக் களியைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் 320 கலோரி, தீட்டிய அரிசியில் 356. இதில் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் நார்ச்சத்தில் இருக்கிறது: கேழ்வரகில் 11 கிராம், அரிசியில் 3 கிராம்கூட இல்லை. கால்சியம் கேழ்வரகில் 364 மில்லிகிராம், அரிசியில் 10-க்கும் கீழே.

கொதிக்கும் நீரில் கொஞ்சம் அரிசி நொய்யைக் குழைய விட்டு, மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி விழாமல் கிண்டி, கையை நனைத்து உருட்டுவார்கள். நொய்யைக் குறைத்து மாவைக் கூட்டுங்கள். இரண்டு உருண்டை சாப்பிடுபவர் ஒன்றோடு நிறுத்தி, மிச்ச இடத்தைக் கீரைக் கடைசலுக்கும் பருப்புக்கும் கொடுக்கட்டும். ஆனால் அதே மாவைச் சர்க்கரை போட்டு ராகி மால்ட்டாகக் குடித்தால் பலன் கைநழுவிவிடும். நீர்த்த கஞ்சி களியைப் போலப் பசியைத் தாங்காது. மாம்பழமும் அப்படித்தான். சித்தூர் மாங்கூழ் ஆலைகள் நிறைந்த மாவட்டம். இருந்தாலும் பாட்டில் சாற்றைவிடக் கடித்துச் சாப்பிடும் கிளிமூக்கு மாம்பழமே மேல்.

மிதிக்கத் தொடங்குபவர்கள் முதலில் சீட்டைப் பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் அது தாழ்வாகவே இருக்கிறது. மூட்டுவலிக்கு அதுவும் ஒரு காரணம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம். திருப்பதி வெயில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். காலை ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும்.

கிளம்புவதற்கு முன், தொப்புளை ஒட்டி ஒரு நூலைச் சுற்றி இடுப்பளவில் முடிச்சுப் போட்டு வையுங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80-க்கும் மேல் இருந்தால் கவனம் தேவை. மூன்று மாதம் கழித்து, அதே இடத்தில் அதே நூலைச் சுற்றிப் பாருங்கள்.