கேடயத்தின் சுமையும் குடியுரிமையின் விலையும்

'கனரக ஆயுதம்' என்ற சொற்றொடர் காதில் விழுந்ததும் இந்நாட்டு வாசகருக்கு முதலில் நினைவில் எழுவது பீரங்கியும் எறிகணையுமேயாகும். பண்டைய கிரேக்க, உரோம வரலாற்றை வாசிக்கும் போது இப்பொருளைச் சற்றே ஒதுக்கி வைத்தல் வேண்டும். அங்கு கனம் என்பது மனித உடலின் மீது ஏற்றப்பட்ட கனம். வெண்கலமும் மரமும் இரும்புமாக ஒரு மனிதன் தன் தோளிலும் மார்பிலும் தலையிலும் சுமந்து நின்ற கனம். அச்சுமையை வாங்குவதற்கு யார் பணம் கொடுத்தார்கள், அதனைச் சுமந்தவருக்கு நாடு என்ன கொடுத்தது, அவருக்குப் பின்னால் நின்று சுமந்தவர் யார் என்ற வினாக்களுக்குள்ளேயே அவ்விரு நாகரிகங்களின் அரசியலில் பெரும்பகுதி அடங்கியிருக்கின்றது எனலாம்.

உயர்தர வகுப்பிலே கிரேக்க, உரோம நாகரிகத்தை ஒரு பாடமாகக் கற்றவர்களுக்கு 'ஹொப்லைட்' என்ற பெயர் புதியதன்று. 'ஹொப்லா' என்றால் கிரேக்க மொழியில் போர்க்கருவிகள். அவற்றை முழுமையாகத் தரித்தவன் ஹொப்லைட். 2007 ஆம் ஆண்டில் உலகெங்கும் திரையிடப்பட்ட '300' என்ற ஆங்கிலப் படம் ஸ்பார்ட்டா வீரர்களை வெற்று மார்புடன் போரிடுவோராகக் காட்டியது. உண்மை இதற்கு நேர்மாறானது. உடலை மூடிய கவசத்தினாலேயே அவ்வீரர்கள் அஞ்சப்பட்டார்கள். கவசம் குறைந்த பாரசீகக் காலாட்படையினர் அவர்களை நெருங்கிப் பொருத முடியாது திணறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை ஹெரடோட்டஸின் வரலாற்றிலிருந்து அறிகின்றோம்.

ஹொப்லைட் வீரனின் உயிர்நாடி அவனது கேடயம். ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர் விட்டமுடைய வட்டமான மரக் கேடயம். வெளிப்புறம் வெண்கலத் தகட்டினால் போர்த்தப்பட்டது. நிறை 6 முதல் 7 கிலோகிராம் வரை. உட்புறத்தின் நடுவே இருந்த வளையத்தினுள் முழங்கை வரை கையை நுழைத்து, விளிம்பிலிருந்த பிடியைக் கைவிரல்களால் பற்ற வேண்டும். இதனால் சுமை கையில் மட்டுமன்றி முன்னங்கை முழுவதிலும் தோளிலும் பரவியது. ஆனால் அதே அமைப்பினால் கேடயத்தின் ஒரு பாதி அவனது இடப்புறத்திற்கு வெளியே நீண்டு நின்றது. அந்தப் பாதி அவனுக்குப் பயன்படவில்லை. இடப்பக்கத்தில் நிற்பவனையே அது காத்தது. அவனது வலப்பக்கமோ அடுத்தவனின் கேடயத்தை நம்பியிருந்தது.

கி.மு. 418 இல் நடைபெற்ற மந்தினியாப் போரை விபரிக்கும் போது துசிடிடீஸ் இதுபற்றிக் கூறும் அவதானிப்பு மிகவும் நுட்பமானது. எந்தப் படையும் முன்னேறும் போது வலப்புறமாகச் சரிந்து செல்லும் என்கிறார் அவர். ஒவ்வொருவனும் தன் திறந்த பக்கத்தை வலப்புறத்தவனின் கேடயத்துள் ஒடுக்கிக்கொள்ள முயல்வதே அதற்குக் காரணம். ஆயிரக்கணக்கானோரின் தனித்தனி அச்சம் ஒன்று சேர்ந்து ஒரு படையின் திசையையே மாற்றியது. தலைக்கவசத்தை எறிந்துவிட்டு ஓடியவனைக் கிரேக்கர் அவ்வளவாகப் பழிக்கவில்லை. கேடயத்தை எறிந்தவனைப் பழித்தனர். முன்னது அவனுடைய உயிர், பின்னது அயலவனுடையதும் ஆகும்.

கேடயத்துடன் இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட ஈட்டி, குறுவாள், காற்கவசம், மார்புக்கவசம், தகட்டை அடித்து வார்த்தெடுத்த தலைக்கவசம் ஆகியனவும் சேரும். கொரிந்தியத் தலைக்கவசம் முகத்தை முழுவதுமாக மூடியதால் செவிப்புலன் வெகுவாகக் குன்றியது; பக்கவாட்டுப் பார்வையும் தடைப்பட்டது. மொத்தச் சுமை பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. பழைய நூல்கள் 30 கிலோகிராமுக்கு மேல் என மதிப்பிட்டன. அண்மைக்கால ஆய்வுகள் அதனை வெகுவாகக் குறைத்துவிட்டன. இவ்வாறே போர் நிகழ்ந்த முறை பற்றியும் சர்ச்சை உண்டு. அமெரிக்க வரலாற்றாசிரியர் விக்டர் டேவிஸ் ஹான்சன் 1989 இல் வெளியிட்ட நூலில், இரு படைகளும் கேடயத்தோடு கேடயம் மோதிப் பெருந்திரளாக ஒன்றையொன்று தள்ளின என்றார். ஹான்ஸ் வான் வீஸ் 2004 இல் எழுதிய நூலில், அணிவகுப்பு அவ்வளவு இறுக்கமானதல்ல, தொடக்க காலத்தில் இலகு ஆயுதத்தினரும் அதனுள் கலந்தே போரிட்டனர் என வாதிட்டார். எமக்கு இரண்டாமவரின் வாதமே ஆதாரங்களுக்கு நெருக்கமானதாகத் தோன்றுகின்றது. எனினும் முதலாமவர் வியர்வையையும் தாகத்தையும் பீதியையும் வரலாற்றினுள் கொண்டுவந்தார் என்பதை மறுக்க முடியாது.

இனி விலையைப் பார்ப்போம். இக்கருவிகளை ஆரம்பத்தில் நகர அரசு வழங்கவில்லை. சொந்தமாக நிலமும் ஓரளவு வருவாயும் உடையவனே அவற்றை வாங்கினான். குதிரை வளர்க்கக்கூடிய பிரபுக்களின் படை முதன்மை பெற்றிருந்த காலத்தில் ஆட்சியும் அவர்களிடமே இருந்தது என்றும், ஹொப்லைட் படை வலுப்பெற்ற போது ஆட்சியில் பங்குபெறுவோர் தொகை பெருகியது என்றும் அரிஸ்டோட்டில் தமது 'அரசியல்' நூலில் எழுதுகின்றார். ஏதென்ஸில் இந்தப் படிமுறை ஒருபடி மேலும் சென்றது. கேடயம் வாங்க வசதியற்ற ஏழைகள் போர்க்கப்பல்களில் துடுப்பு வலித்தார்கள். கி.மு. 480 இல் சலாமிஸ் கடற்போரில் நகரைக் காத்தவர்களில் பெரும்பாலானோர் அவர்களே. அதன் பின்னர் மக்கள் சபையில் அவர்களது குரலை அடக்குவது எளிதாக இருக்கவில்லை.

போரில் மாண்டவர்களின் ஆண்மக்களை ஏதென்ஸ் அரசு தன் செலவிலே வளர்த்து, பருவமெய்தியதும் தியோனிசஸ் விழாவில் நாடகங்கள் தொடங்குமுன் முழுக் கவசமும் அணிவித்து அரங்கிலே நிறுத்திற்று. தந்தையை இழந்த மகனுக்கு நாடு கொடுத்த ஈடு, தந்தை நின்ற அதே வரிசையில் நிற்பதற்கான கேடயம்!

எல்லோருக்கும் இந்தப் பேரம்கூடக் கிடைக்கவில்லை. கி.மு. 479 இல் பிளட்டேயாவுக்குப் போன 5,000 ஸ்பார்ட்டர் ஒவ்வொருவருக்கும் ஏழு ஹெலொட்டுகள் வீதம் 35,000 பேர் உடன் சென்றதாக ஹெரடோட்டஸ் கணக்குக் கூறுகின்றார். ஹெலொட்டுகள் என்போர் ஸ்பார்ட்டரின் நிலத்தில் பிணைக்கப்பட்டிருந்த அடிமை உழவர். அவர்கள் உழுததனாலேயே ஸ்பார்ட்டர் முழுநேரப் படைவீரராக இருக்க முடிந்தது. பின்னர் பெலொப்பொனேசியப் போர்க்காலத்தில், போரில் நற்சேவை செய்தவர்கள் முன்வந்தால் விடுதலை தரப்படும் என்று ஸ்பார்ட்டர் அறிவித்ததாகவும், தெரிவான ஏறத்தாழ 2,000 ஹெலொட்டுகள் மாலைசூடிக் கோயில்களை வலம்வந்த பின் சுவடின்றி மறைந்துபோனார்கள் என்றும் துசிடிடீஸ் பதிவு செய்துள்ளார். விடுதலையைக் கேட்கத் துணிபவனே கிளர்ச்சி செய்யவும் துணிவான் என்பது அரசின் கணக்கு. தெர்மோபிலேயின் 300 பேரை உலகம் அறியும். அதே கணவாயில் இறுதிவரை நின்று மடிந்த 700 தெஸ்பியரைப் பாடநூல்களும் ஓரிரு சொற்களில் கடந்து விடுகின்றன. ஹெலொட்டுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை.

கனத்திற்கு எல்லையும் இருந்தது. கி.மு. 425 இல் ஸ்பக்டீரியாத் தீவில், வில்லும் கவணும் எறிஈட்டியும் ஏந்திய இலகு படையினர் அருகில் வராமலே தாக்கித் தாக்கிக் களைப்படையச் செய்ததில், 420 ஹொப்லைட் வீரர்களில் 292 பேர் உயிருடன் சரணடைந்தனர். ஸ்பார்ட்டர் சரணடைவர் என்பதைக் கிரேக்க உலகம் நம்ப மறுத்தது. கி.மு. 371 இல் லியூக்ட்ராவில் தீப்ஸ் தளபதி எபமினொண்டாஸ் தமது இடப்பக்க அணியை 50 வரிசை ஆழத்திற்குக் குவித்து, 12 வரிசை ஆழமுடைய ஸ்பார்ட்ட அணியை உடைத்தார். அங்கிருந்த 700 ஸ்பார்ட்டக் குடிமக்களில் ஏறத்தாழ 400 பேர் வீழ்ந்தனர். குடித்தொகை குன்றியிருந்த அந்நாடு அந்த ஒரு நாளிலிருந்து மீளவேயில்லை.

மசிடோனியரின் இரு கைகளாலும் பிடிக்கும் நீண்ட ஈட்டியான 'சரிசா', கேடயத்தைச் சிறிதாக்கி அணியை முள்வேலியாக மாற்றிற்று. அவ்வேலி சமதரையில் அசைக்க முடியாதது. மேடுபள்ளம் வந்தால் இடைவெளி விழும். கி.மு. 197 இல் கைனொஸ்கெபலேயிலும் கி.மு. 168 இல் பிட்னாவிலும் உரோமர் அந்த இடைவெளிகளுக்குள் புகுந்தனர். பொலிபியஸின் விளக்கம் எளிமையானது: மசிடோனிய அணிக்கு ஒரேவகை நிலமும் ஒரேவகைத் தருணமும் தேவை, உரோம வீரனோ தனியாகவும் சிறு குழுவாகவும் பெரும் படையாகவும் எவ்விடத்தும் போரிட வல்லவன். அவனிடம் நீண்ட கேடயமும் குத்துவாளும், 'பீலம்' எனப்படும் எறிஈட்டியும் இருந்தன. கி.மு. 58 இல் ஹெல்வெட்டியருடனான போரில் ஒரே பீலம் அடுத்தடுத்திருந்த இரு கேடயங்களைச் சேர்த்துத் துளைத்து நின்றதையும், பகைவர் அதனைப் பிடுங்க இயலாமல் கேடயங்களையே கைவிட்டுப் போரிட்டதையும் சீசர் குறித்து வைத்துள்ளார்.

உரோமிலும் ஆரம்பத்தில் சொத்துள்ளவனே படைக்குரியவன். கி.மு. 107 இல் மாரியஸ் சொத்தற்றவர்களையும் சேர்த்துக்கொண்டார். இதனைப் பெரும் 'சீர்திருத்தம்' எனப் பாடநூல்கள் வருணிப்பதை இன்றைய ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. மாற்றம் படிப்படியாகவே நிகழ்ந்தது என்பர். எவ்வாறாயினும், நிலமற்ற வீரன் போர் முடிந்தபின் நிலத்திற்காகச் செனட்டை நம்பாது தன் தளபதியையே நம்பினான். கி.மு. 88 இல் சுல்லா உரோமப் படையைக்கொண்டே உரோமைக் கைப்பற்ற முடிந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

பேரரசுக் காலத்தில் வீரன் சம்பளம் பெறும் ஊழியனானான். ஆண்டுக்கு 225 தெனாரி. உணவு, உடை முதலியவற்றின் விலை அதிலேயே கழிக்கப்பட்டது. யூதேயாவில் உள்ள மசாடாக் கோட்டையில் கிடைத்த, கி.பி. 70களைச் சேர்ந்த பப்பைரஸ் சம்பளக் கணக்கொன்றில், ஒரு வீரனின் தவணைச் சம்பளம் தானியம், உணவு, பாதணி, உடை என்ற கழிவுகளுக்கே சென்றுவிட்டதைக் காணலாம். மாதக் கடைசியில் சம்பளப் பற்றுச்சீட்டைப் பார்த்துப் பெருமூச்செறியும் எமது அரச ஊழியருக்கு அந்த வீரனின் முகம் அந்நியமாகத் தோன்றாது. கி.பி. 14 இல் பனோனியாவில் லீஜியன்கள் கலகம் செய்தபோது முன்வைத்த குறைகளில் ஆடைக்கும் ஆயுதத்திற்கும் கூடாரத்திற்குமான கழிவுகளும் அடங்கும் என்கிறார் டசிட்டஸ். கலகக்காரர் கொன்ற நூற்றுவர் தலைவன் ஒருவனுக்கு 'இன்னொன்று கொண்டு வா' என்பது பட்டப்பெயராம். வீரரின் முதுகில் அடித்துப் பிரம்பு முறியும்போதெல்லாம் அவன் அடுத்ததைக் கேட்பது வழக்கம்.

உரோமக் கனரகப் படையின் பெருந்தோல்விகள் பெரும்பாலும் அசைய இடமற்றுப் போனதால் வந்தவை. கி.மு. 216 இல் கன்னேயில் ஹனிபால் நாற்புறமும் நெருக்கியபோது உள்ளே சிக்கியவர்களால் ஆயுதத்தை ஓங்கக்கூட முடியவில்லை. கி.மு. 53 இல் கர்ரேயில் பார்த்தியக் குதிரை வில்லாளர் அண்ட மறுத்தனர். அம்பு தீருமெனக் காத்திருந்த உரோமர், ஒட்டகங்களில் மேலும் அம்புகள் வந்து சேர்வதைக் கண்டனர். கி.பி. 378 இல் அட்ரியனோப்பிளில் வெயிலிலும் தாகத்திலும் ஆயுதச் சுமையிலும் சோர்ந்து நின்ற படையின் மூன்றில் இரு பங்கு பேரரசர் வலென்ஸுடன் அழிந்தது.

கி.பி. 9 இல் ஜேர்மனியக் காட்டுப் பாதையில் வாரஸின் மூன்று லீஜியன்கள் அழிந்தன. அப்போர்க்களம் எனப் பல ஆய்வாளர் கருதும் கல்கிரீஸ என்ற இடத்தில் 2018 இல் மண்ணோடு இறுகிய ஓர் இரும்புக் கட்டி அகழ்ந்தெடுக்கப்பட்டது. கதிர்ப் படம் பிடித்துப் பார்த்தபோது அது தகடுகளால் ஆன உரோம மார்புக்கவசம் என்பது தெரியவந்து, 2020 இல் அறிவிக்கப்பட்டது. இவ்வகையில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையதும் மிக முழுமையானதும் இதுவே. அதனுடன் வாளோ ஈட்டியோ கிடைக்கவில்லை. கைதிகளின் கழுத்தையும் கைகளையும் சேர்த்துப் பூட்டும் உரோமர்களின் இரும்பு விலங்கு ஒன்று, கவசத்தின் தோள்ப் பகுதியிலே கிடந்தது.