பின்னால் எடுக்கும்போது கிழியும் மட்கார்டு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைமீதும் அதன் அடிவாரத்திலும் மரவள்ளி முக்கியமான பணப்பயிராகப் பயிரிடப்பட்டு வருகிறது. வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு, சேராப்பட்டு ஆகிய பகுதிகளில் தோண்டப்படும் கிழங்கு, மலைச்சாலை வழியே இறங்கி, ஆத்தூர் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கிறது. தோண்டிய கிழங்கு காத்திருக்காது. இரண்டு நாட்களுக்கு மேல் குவித்து வைத்தால் உள்ளே கருநீலக் கோடுகள் ஓடத் தொடங்கும். மாவுச்சத்தும் குறையும். ஆலையில் 'பாயிண்ட்' பார்த்து விலை போடுவதால், வண்டி ஒரு நாள் தாமதித்தாலும் நஷ்டம் விவசாயிக்குத்தான்.

இந்தத் தாமதத்துக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் பலர் கவனியாது விடும் ஒன்று, வண்டியின் பின் டயருக்குப் பின்னால் தொங்கும் மட்பிளாப் ரப்பர். சேறும் கல்லும் தெறிக்காமல் காக்க வேண்டிய இந்த ரப்பரே, தவறாகப் பொருத்தப்பட்டால், மட்கார்டைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிடுகிறது. அதிலும் பின்புறம் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர்கள் உள்ள, டாடா 407 போன்ற ஆறு டயர் வண்டிகளில் இந்தச் சேதம் அதிகம்.

இதற்குக் காரணம் யாது? இரட்டை டயரை மூட வேண்டியிருப்பதால் மட்கார்டும் அகலம், அதில் தொங்கும் ரப்பரும் அகலம். மட்கார்டின் வெளி விளிம்பு, அதைத் தாங்கும் இரும்பிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிறது. கடப்பாரையின் நுனியைப் பிடித்து நெம்பினால் எவ்வளவு சுலபமாகக் கல் பெயருமோ, அவ்வளவு சுலபமாக அந்த விளிம்பும் மடங்கிவிடும். நாலு டயர் வண்டியில் தகடு குறுகலாக இருப்பதால் ஓரளவு தாக்குப் பிடிக்கிறது.

வண்டி முன்னே ஓடும்போது டயரின் பின்பக்கம் மேல்நோக்கிச் சுழல்கிறது. பின்னால் எடுக்கும்போது அதே பக்கம் கீழ்நோக்கிச் சுழல்கிறது. காட்டில் கிழங்கு ஏற்றிய வண்டியை வரப்பு ஓரமாகப் பின்னால் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரப்பரின் கீழ் முனை வரப்பிலோ பாறைக்கல்லிலோ முட்டி, டயர்ப் பக்கமாக மடங்குகிறது. டயர் அதை மிதித்துக் கீழே இழுக்கிறது. பாரத்தின் ஒரு பங்கு ரப்பரின் மேல் ஏறிவிட்ட பிறகு ரப்பர் நழுவ வழியில்லை. போல்ட் போட்ட துளைகளில் தகடு கிழியும்; அல்லது மட்கார்டு முழுவதுமே டயரின் மேல் மடிந்து உட்காரும். ஓட்டுநருக்கு ஒரு சத்தம் கேட்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

இதோடு போனால் தகட்டுச் செலவுதான். மடிந்த விளிம்பு வெளி டயரில் உரசிக்கொண்டே மலை இறங்கினால் ஆபத்து வேறு. இரட்டை டயரில் ஒன்று காற்று இறங்கினாலும் மற்றது பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் ஓட்டுநருக்கு உடனே தெரிவதில்லை. இரண்டின் சுமையையும் ஒன்றே தாங்கிச் சூடேறி, கொண்டை ஊசி வளைவில் அதுவும் வெடித்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே உரசும் தகட்டை ஜாக்கிக் கம்பியால் நெம்பி, டயரிலிருந்து முற்றும் விலக்கிய பிறகே புறப்பட வேண்டும். விலக்க முடியாவிட்டால் மட்கார்டையே கழற்றி வண்டிக்குள் போட்டுக்கொண்டு, பட்டறை வரை மெதுவாகச் செல்வது மேல்.

இழுபட்ட தகடா, அடிபட்ட தகடா?

மட்கார்டு கெட்டுப்போனதும் எல்லாப் பழியையும் ரப்பரின்மேல் போடுவதும் சரியல்ல. தகடு கீழ்நோக்கி மடிந்து, போல்ட் துளை நீளமாக இழுபட்டிருந்தால் அது ரப்பர் செய்த வேலை. உள்ளிருந்து வெளியே புடைத்துக் குழிகுழியாக இருந்தால் கல் அடித்தது. ஒரே இடத்தில் சாட்டையால் அடித்ததுபோல் நசுங்கியிருந்தால், ரீட்ரெட் செய்த டயரின் மேற்பட்டை பெயர்ந்து அடித்திருக்கலாம். அப்போது டயரைப் பார்க்க வேண்டுமே தவிர, ரப்பரை மாற்றிப் பயனில்லை.

இன்னொரு சேதம் ஓசையில்லாமல் நடக்கிறது. ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே நுண்மணல் புகுந்துகொள்கிறது. வண்டி ஓட ஓட ரப்பர் அதிர்கிறது. மணல் உப்புத்தாள் தேய்ப்பதுபோல் வர்ணத்தைத் தேய்த்துவிடுகிறது. அந்த இடத்தில் ஈரச்சேறு அப்பிக்கொண்டு காயாமல் நிற்கும். கீழிருந்து மேலே உரமூட்டை ஏற்றிச் செல்லும் வண்டியானால், சிந்திய உரமும் அதில் கரைந்து துருவை விரைவுபடுத்தும். வெளியே பார்க்கத் தகடு நன்றாக இருக்கும். போல்டைக் கழற்றினால் பின்னே சல்லடையாக இருக்கும். இப்படி இற்றுப்போன தகடுதான் முதல் இழுப்பிலேயே கிழிகிறது.

பாரத்தோடு அளக்க வேண்டும்

பெரும்பாலோர் காலி வண்டியைப் பட்டறையில் நிறுத்தி ரப்பர் பொருத்துகிறார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது. கிழங்கோ கரும்போ ஏறியதும் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி, கூண்டும் மட்கார்டும் ரப்பரும் ஒன்றாகக் கீழிறங்குகின்றன. காலியில் போதுமானதாகத் தெரிந்த இடைவெளி பாரத்தில் காணாமல் போகிறது. எவ்வளவு இறங்கும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடுமாதலால், வழக்கமான பாரம் ஏற்றிச் சமதரையில் நிறுத்தி அளப்பதே முறை. அந்த நிலையில் ரப்பரின் கீழ் முனைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண், அதாவது சுமார் 22 செ.மீ. இருந்தால் நல்லது. காட்டுக்குள் அடிக்கடி போகும் வண்டிக்கு இன்னும் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். டயருக்கும் ரப்பருக்கும் நடுவிலும் 15 செ.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதைவிட நெருங்கியிருந்தால், முன்னே ஓடும்போதே டயர் அதை உரசி மேலே இழுக்கும்.

ரப்பரை மட்கார்டுத் தகட்டில் தொங்கவிடாமல், சேஸிஸிலிருந்து ஒரு ஆங்கிள் இரும்பை நீட்டி அதில் தொங்கவிடுவதே எல்லாவற்றிலும் சிறந்தது. அதற்காகச் சேஸிஸில் கண்ட இடத்தில் துளை போடுவதும் வெல்டிங் வைப்பதும் கூடாது. அங்கே விரிசல் விழ இடமுண்டு. ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு இறுக்கிக்கொள்ளலாம். அரை நாள் பட்டறை வேலைதான்.

அப்படிச் செய்ய இயலாதவர்கள், தகட்டுக்குப் பின்னால் அதன் முழு அகலத்துக்கும் ஒரு பட்டை இரும்பு வைத்து, அகலமான வாஷர் போட்டு முடுக்கலாம். இழுப்பு ஒரு துளையில் நிற்காமல் பட்டை முழுவதும் பரவும். ரப்பரில் போடும் துளையை வட்டமாக விடாமல், அதிலிருந்து மேல் விளிம்பு வரை ஒரு கீறல் அறுத்துவிடுவது நல்ல உபாயம். டயர் மிதித்து இழுத்தால் ரப்பர் போல்டிலிருந்து உருவிக்கொண்டு கீழே விழும், தகடு பிழைக்கும். விழுந்ததை எடுத்து மறுபடி மாட்டிக்கொள்ளலாம். ரப்பரும் வளைந்து கொடுப்பதாக இருக்க வேண்டும். பழைய லாரி டயரைத் தடிமனாக அறுத்துத் தொங்கவிடுவோர், நாளடைவில் ஒரு மட்கார்டுக்கு விலை கொடுக்கிறார்கள்.

தேய்ந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் வர்ணம் அடிக்க வேண்டும். சிலர் துருவுக்கு மருந்து என்று பழைய இன்ஜின் ஆயிலைத் தடவுகிறார்கள். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி மெதுமெதுத்துப் போகும். டயரிலும் அது படாமல் இருப்பது நல்லது.

தொல்லை வேண்டாமென்று ரப்பரையே கழற்றிப் போட்டுவிடுவோரும் உண்டு. இரட்டை டயரின் இடுக்கில் மாட்டும் கல், வண்டி வேகமெடுத்ததும் பின்னால் பறக்கும். மலைச்சாலையில் பின்தொடர்வோர் பெரும்பாலும் இருசக்கர வண்டிக்காரர்கள். எனவே இது முற்றிலும் தகாது. ஏற்று முடிந்ததும் அந்த இடுக்கைப் பார்த்து, கல் இருந்தால் தட்டி எடுத்துவிடுவது கிளீனரின் வேலையாக இருக்கட்டும்.

வாடகைக்கு வண்டி பிடிக்கும் சிறு விவசாயிகள், இது வண்டிக்காரர் பாடு என்று இருந்துவிடலாகாது. வண்டி நின்றால் வாடுவது அவர்கள் கிழங்கு. கிழங்கு தோண்டத் தொடங்கும் முன்பே, வண்டி நிற்கும் இடத்தைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அங்கே துருத்திக்கொண்டிருக்கும் கற்களை அகற்றி, வரப்பை வண்டியின் அகலத்துக்குச் சரித்து வெட்டிவிட வேண்டும். வண்டி வந்ததும், காலியாக இருக்கும்போதே பின்னால் எடுத்து, முகப்பு சாலையைப் பார்க்கும்படி நிறுத்தச் சொல்லலாம். பாரம் ஏறியபின் நேரே முன்னால் ஓட்டிச் சென்றால் போதும். அமுங்கிய ஸ்பிரிங்கோடு, ஈரமண்ணில் பின்னால் எடுக்கும் வேலையே இல்லை. கார்த்திகை மழைக்குப் பிறகு மண் காயுமுன் தோண்டுவோர் இதை அவசியம் கடைப்பிடிக்க வேண்டும்.

பின்னால் எடுத்தே தீர வேண்டிய இடங்களுக்கு, ரப்பரின் கீழ் முனையில் ஒரு துளையிட்டு ஒரு முழச் சங்கிலி கோத்து, கூண்டின் அடியில் கொக்கி வைத்துக்கொள்ளலாம். எடுக்குமுன் கிளீனர் இறங்கி ரப்பரைத் தூக்கி மாட்டிவிடுகிறார். ஆலை வளாகத்தில் இறக்குமிடத்துக்குப் பின்னால் எடுக்கும்போதும் இது உதவும். சாலைக்கு வந்ததும் கொக்கியிலிருந்து கழற்றித் தொங்கவிட வேண்டும்.