தரை இறங்கியதா, தெரு ஏறியதா?

பெரியம்மா விழுந்தது தெருவில் அல்ல, சொந்த வீட்டுச் சந்தில். துவைத்த துணிகளை வாளியில் எடுத்துக்கொண்டு கொல்லையிலிருந்து வாசலுக்கு வந்தவரை, சிமென்ட் தளத்தில் ஓர் அங்குலம் துருத்திக்கொண்டிருந்த விளிம்பு இடறிவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்தது. அங்கே மேடு இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தத் தளம் இறங்கியபோது ஒரு மேஸ்திரி வந்தார். "ரெண்டு இஞ்ச் கலவை போட்டா மட்டமாயிடும்மா" என்று பூசிவிட்டுப் போனார். அடுத்த மழைக்கே பழையபடி இறங்கிவிட்டது.

பெரியம்மா மருத்துவமனையில் இருந்த நாட்களில் வேறொரு கொத்தனாரை அழைத்தோம். வயதானவர். கலவை, சிமென்ட் என்று எதுவும் பேசவில்லை. கடப்பாரையின் மழுங்கிய முனையால் தளத்தைத் தட்டிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் 'டங்' என்றது. நாலடி தள்ளி பானையைத் தட்டியதுபோல் 'டொம்' என்றது. அங்கே இருந்த விரிசலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றச் சொன்னார். ஊற்றிய தண்ணீர் தேங்காமல், சுவடே இல்லாமல் உள்ளே போய்விட்டது. "தரை இறங்கல தம்பி. அடியில மண்ணே இல்ல" என்றார். நேர் மேலே பார்த்தால், மொட்டை மாடி மழைநீர்க் குழாய் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர். வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் கொட்டுவது நமக்குப் புதிதல்ல. அத்தனை தண்ணீரும் இரண்டு மூன்று குழாய்கள் வழியாகச் சுவரோரத்தில் விழுகிறது. அந்தச் சுவரோரத்து மண்தான் வீட்டிலேயே பலவீனமான மண். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளத்தை மூடும்போது, அரை அடிக்கு ஒரு தட்டாகக் கொட்டி, நனைத்து, திமிசு போட வேண்டும். பல வீடுகளில் உடைந்த செங்கல்லையும் காலி சிமென்ட் மூட்டையையும் சேர்த்துத் தள்ளி, மேலே நாலு அங்குலக் கான்கிரீட் போட்டு மூடிவிடுகிறார்கள். தண்ணீர் உள்ளே போகப்போக மண் அமர்ந்து, கான்கிரீட் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. அதன் தலையில் இரண்டு அங்குலக் கலவை ஏற்றினால் சதுர அடிக்குப் பத்து கிலோ கூடுதல் சுமை. பெரியம்மா வீட்டில் நடந்தது இதுதான். பள்ளத்தைப் பூசுவது ரிப்பேர் ஆகாது.

எல்லா இறக்கத்துக்கும் மழைக் குழாயே காரணம் என்றும் சொல்ல முடியாது. நிலத்தடிக் குழாய் கசியலாம். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டியின் நீர்மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, காலையில் பாருங்கள். கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருந்தால் தொட்டியோ, குழாயோ, ஏதோ கசிகிறது. பெருச்சாளி வளை இன்னொரு காரணம். சுவரோரம் புதுமண் குவிந்திருப்பது அதன் அடையாளம். கரிசல் மண் பகுதிகளில் மண்ணே மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தரைதான் இறங்கியதா, தெரு ஏறியதா? பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டதில், வாசல்படி ஏறிப்போன வீடுகள் இன்று படி இறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தமிழகத் தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் சாலைப் பணி தொடங்கும் நாளில் இதைச் சொல்லிக் கேளுங்கள். முதல் லாரி தார் கொட்டுவதற்கு முன் கேட்க வேண்டும். அடுத்த நாள் கேட்டுப் பயனில்லை.

இனி ரிப்பேர். தளம் உடையாமல், அடியில் மட்டும் வெற்றிடம் இருந்தால், துளை போட்டுச் சிமென்ட் பால் ஊற்றி நிரப்பலாம். மேலும் இறங்காமல் அது தாங்கும், ஆனால் இறங்கியதைத் தூக்கிவிடாது. உடைந்திருந்தால் தயங்காமல் பெயர்த்துவிடுவதே நல்லது. தளர்ந்த மண்ணை வாரி எடுத்து, கிராவலை அரை அடித் தட்டுகளாக நனைத்துத் திமிசு போட்டு, நாலு அங்குலக் கான்கிரீட் போடச் சொல்லுங்கள். சுவரோடு சேர்த்து ஒட்டவிடாமல் அரை அங்குல இடைவெளி விட்டு, அதைத் தண்ணீர் இறங்காதபடி அடைக்க வேண்டும். எட்டடிக்கு ஒரு வெட்டு தேவை. மூன்றடிச் சந்துக்கு முக்கால் அங்குலச் சரிவு போதும். தண்ணீர் வீட்டை விட்டு விலகி ஓட வேண்டும், பக்கத்து வீட்டுச் சுவரை நோக்கி ஓடக் கூடாது. ஏழு நாளாவது சாக்கு போட்டு நனையுங்கள். குழாய்கள் ஓடும் சந்தாக இருந்தால் நான் பேவர் பிளாக்கையே சிபாரிசு செய்வேன். மறுபடி இறங்கினாலும் கல்லை எடுத்து, மணலைச் சரிசெய்து, அதே கல்லைத் திரும்பப் பதித்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மழைக் குழாயைத் திருப்புங்கள். பெரியம்மா வீட்டில் ஒரு முழங்கைத் துண்டும் பத்தடிக் குழாயும் தண்ணீரை மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்குக் கொண்டுபோய்விட்டன. 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட அந்தத் தொட்டி எத்தனையோ வீடுகளில் மூடி போட்டபடி காய்ந்து கிடக்கிறது.

ஆபத்துகளை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். மூன்றடிக்கு மூன்றடி, நாலு அங்குலக் கான்கிரீட் பலகை ஏறக்குறைய 200 கிலோ எடை. கடப்பாரையால் நெம்பும்போது அடியில் கையை விடவே கூடாது. கட்டை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். கட்டர் போட்டு உலர்வாக அறுக்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வருஷக்கணக்கில் அதைச் சுவாசிக்கும் தொழிலாளியின் நுரையீரலை அது இறுகச் செய்துவிடும். தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். மாஸ்க்கும் கையுறையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். கழிவுநீர்த் தொட்டியையோ, மூடிய பழைய உறைக்கிணற்றையோ ஒட்டித் தரை இறங்கினால் அதன்மேல் நடக்காதீர்கள், யாரையும் உள்ளே இறக்காதீர்கள். தரையோடு சேர்த்து ஜன்னல் மூலையில் சாய்வான விரிசலும் ஓடினால், அது கொத்தனார் வேலை இல்லை. கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

யார் செலவு என்பதற்கு வருவோம். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3)-ஆவது பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. வீட்டை ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரியவந்து நீங்கள் சொன்னால், கட்டுநர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். வளாகத்து நடைபாதை இறங்கியதையும் சங்கத்தின் மூலம் எழுத்தில் கேளுங்கள். தனி வீட்டில் மேஸ்திரியோ ஒப்பந்தக்காரரோ செய்த வேலை கெட்டுப்போனால், 2 வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பெரியம்மா வீட்டில் முதல் மேஸ்திரியிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை. அதனால் கேட்கவே வழியில்லாமல் போயிற்று. என்ன வேலை, எத்தனை அங்குலம், எத்தனை ரூபாய் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள், பணத்தையும் பதிவு இருக்கும்படி அனுப்புங்கள்.

கேட்டுக்கு வெளியே இருக்கும் நடைபாதை உங்களுடையது அல்ல, உள்ளாட்சியுடையது. அதை நீங்களே உடைக்காதீர்கள். அடியில் மின்கேபிள் ஓடலாம். வண்டி ஏற்றுவதற்கென்று சரிவு கட்டி நடப்பவரை ரோட்டில் இறக்கிவிடவும் வேண்டாம். அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்து, சென்னையில் 1913-க்கும் மற்ற ஊர்களில் நகராட்சிக்கும் புகார் சொல்லி, பதிவு எண்ணை வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால் முதல்வர் உதவி மையத்தின் 1100 இருக்கிறது. அண்மையில் போட்ட நடைபாதையா? ஒப்பந்தக்காரரின் பராமரிப்புப் பொறுப்பு எந்தத் தேதிவரை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய, தடையற்ற நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமை. புகார் மனுவில் இந்த வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

அக்டோபரில் மழை தொடங்கிவிடும். அதற்குள் ஒருநாள் காலையில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு கடப்பாரையும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள்.