ஜன்னலை மாத்தப் போறீங்களா? ‘யுபிவிசியா, அலுமினியமா’ என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

மழைக்காலம் வந்தால் மரக்கதவு உப்பிக்கொண்டு மூட மறுக்கும். இரும்பு ஜன்னல் என்றால் கீழ்ச்சட்டம் துருப்பிடித்து உதிரும். கொசுவலை கிழிந்திருக்கும். 25, 30 வருடப் பழைய ஃபிளாட்டை வாங்கியவர்களும், அப்பா கட்டிய வீட்டைப் புதுப்பிப்பவர்களும் ஒரு கட்டத்தில் ‘எல்லா ஜன்னலையும் மாத்திடலாம்’ என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

கடைக்குப் போனதும் முதல் கேள்வி, ‘யுபிவிசியா, அலுமினியமா?’ அடுத்து, என்ன கலர். அடுத்து, சதுர அடி என்ன ரேட். அத்தோடு ஆர்டர் முடிந்துவிடும். சிக்கல் தெரிவது அடுத்த கோடையில்தான். ‘ஜன்னல் பளபளன்னு இருக்கு, ஆனா முன்ன மாதிரி காத்தே வரலையே!’

சட்டம் எதனால் ஆனது என்பதைவிட, ஜன்னல் எவ்வளவு திறக்கிறது என்பதுதான் நம் ஊர் வீட்டுக்கு முக்கியம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஸ்லைடிங்: பாதிதான் திறக்கும்

பழைய ஜன்னல்கள் பெரும்பாலும் கீல் வைத்து வெளிப்பக்கம் திறப்பவை. இரண்டு கதவையும் திறந்து கொக்கி மாட்டினால் கிட்டத்தட்ட முழு ஜன்னலும் காற்றுக்கு வழி. இப்போது அதிகம் விற்பது ஸ்லைடிங். இரண்டு கண்ணாடிகளில் ஒன்று மற்றொன்றின் பின்னால் போய் நிற்கும். எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10-க்கு 12 அடி அறை, அதாவது 120 சதுர அடி. அதில் 5-க்கு 4 அடி ஜன்னல், 20 சதுர அடி. முழுதாகத் திறந்தால் தரைப்பரப்பில் சுமார் 16.7 சதவீதம். அதே இடத்தில் ஸ்லைடிங் போட்டால் திறப்பது 10 சதுர அடி, அதாவது 8.3 சதவீதம்.

மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு வீடுகளுக்காக 2018-ல் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்தொகுப்பில் இதற்கு ஓர் அளவு இருக்கிறது. சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில், திறக்கக்கூடிய பரப்பு வீட்டின் உள்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் இருக்க வேண்டும். பெங்களூரு போன்ற மிதமான ஊர்களுக்கு 12.5 சதவீதம் போதும். இது வீடு முழுவதற்குமான கணக்கு. வெளியே திறக்கும் பால்கனிக் கதவும் இதில் சேரும். புதிய கட்டிடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது என்றாலும், பழைய வீட்டுக்காரருக்கும் நல்ல அளவுகோல். மேலே பார்த்த அறையில் பழைய ஜன்னல் அந்த அளவைத் தொடுகிறது. புது ஸ்லைடிங் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

அப்படியென்றால் ஸ்லைடிங்கே வேண்டாமா? அப்படியில்லை. வெளியே நடைபாதை இருக்கிறது, கதவு திறந்தால் யார் தலையிலாவது இடிக்கும் என்றால் ஸ்லைடிங்தான் வசதி. பால்கனிக்கும் அது சரி. அங்கேயும் மூன்று தண்டவாளத்தில் மூன்று கண்ணாடி ஓடும் வகையைக் கேட்கலாம். மூன்றில் இரண்டு பங்கு திறக்கும். ‘த்ரீ டிராக்’ என்று சொல்லி இரண்டு கண்ணாடி, ஒரு கொசுவலை தருவதும் உண்டு. அதில் திறப்பது பாதிதான். எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படுக்கையறை, சமையலறைக்குக் கீல் வைத்துத் திறக்கும் ‘கேஸ்மென்ட்’ வகை நல்லது. மூடும்போது ரப்பர் கேஸ்கட் அழுந்தி இறுகுவதால், தூசியும் சத்தமும் மழைச்சாரலும் ஸ்லைடிங்கைவிடக் குறைவாகவே உள்ளே வரும்.

பழைய ஜன்னல்களில் இருந்த இரண்டு வசதிகளையும் கவனியுங்கள். ஒன்று, மேலே இருந்த வென்டிலேட்டர். சூடான காற்று மேலே ஏறும். அது வெளியேற அந்தச் சின்ன வழி உதவியது. அதை அடைத்து ஒரே கண்ணாடியாகப் போடாதீர்கள். இன்னொன்று, மேல் கதவு, கீழ் கதவு என்று தனித்தனியாக இருந்த அமைப்பு. கீழே மூடி மேலே திறந்தால், தெருவில் போகிறவர் கண்ணில் படாமல் காற்று வாங்கலாம். ‘இதே மாதிரி பிரிச்சுப் பண்ணித் தர முடியுமா?’ என்று கேட்டால் பெரும்பாலான ஃபேப்ரிகேட்டர்கள் செய்து தருவார்கள்.

எந்தத் திசை?

வீட்டில் 8 ஜன்னல் இருந்தால் எட்டுக்கும் ஒரே கண்ணாடி, ஒரே மாடல் என்று ஆர்டர் கொடுப்பது வழக்கம். ஆனால் வெயிலும் காற்றும் எட்டுக்கும் ஒரே மாதிரி வருவதில்லை.

மேற்கு ஜன்னல்தான் பெரிய தலைவலி. சாயங்கால வெயில் சாய்வாக வருவதால் மேலே உள்ள சன்ஷேட் அதைத் தடுக்காது. கிழக்கிலும் காலை வெயில் இப்படித்தான் வரும். ஆனால் சென்னையில் கோடை மதியங்களில் கடற்காற்று வருவதும் கிழக்கு, தென்கிழக்கிலிருந்துதான். அந்தப் பக்க ஜன்னல் முழுதாகத் திறக்க வேண்டும். தெற்கில் வெயில் உயரத்திலிருந்து விழும்; 2 அடி சன்ஷேட் இருந்தாலே பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதுதான் சரியான வழி. உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும், கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பத்தில் பெரும்பங்கு அறைக்குள்தான் இருக்கும். வெளியே மூங்கில் தட்டியோ செங்குத்துத் தடுப்போ போட்டால் அதன் பலன் விலையுயர்ந்த கண்ணாடிக்குச் சளைத்ததல்ல.

டபுள் கிளாஸ் தேவையா?

‘டபுள் கிளாஸ் போடுங்க சார், வீடு ஜில்லுன்னு இருக்கும்’ என்று சொல்வார்கள். இதில் பாதி உண்மைதான்.

கண்ணாடி வழியே வெப்பம் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, வெளியே சூடு, உள்ளே குளிர்ச்சி என்ற வித்தியாசத்தால் கடத்தப்படுவது. இதை ‘யு-வேல்யூ’ என்று அளக்கிறார்கள். இன்னொன்று, வெயில் நேரடியாகக் கண்ணாடியைத் துளைத்து வருவது. இதன் அளவு ‘எஸ்ஹெச்ஜிசி’. இரண்டிலும் எண் குறைவாக இருந்தால் நல்லது.

சாதாரண ஒற்றைக் கண்ணாடியின் எஸ்ஹெச்ஜிசி சுமார் 0.8; விழும் வெயில் வெப்பத்தில் 80 சதவீதம் உள்ளே வந்துவிடும். சாதாரணக் கண்ணாடியையே இரட்டையாகப் போட்டால் யு-வேல்யூ கிட்டத்தட்ட பாதியாகிறது. ஆனால் எஸ்ஹெச்ஜிசி 0.7 அளவுக்குத்தான் இறங்கும். அதாவது மேற்கு வெயில் ஏறக்குறைய அப்படியேதான் உள்ளே வரும்.

ஐரோப்பாவில் டபுள் கிளாஸ் கட்டாயம்போல ஆனதற்குக் காரணம் குளிர். வெளியே மைனஸ் 5 டிகிரி, உள்ளே 20 என்றால் வித்தியாசம் 25 டிகிரி. நம் ஊரில் வெளியே 38, ஏசி அறையில் 25 என்றால் வித்தியாசம் 13 தான். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் வீட்டில் அதுவும் இல்லை. எனவே இங்கே முதலில் குறைக்க வேண்டியது எஸ்ஹெச்ஜிசி. பகல் முழுக்க ஏசி ஓடும், மேற்கு பார்த்த அறைக்கு ‘சோலார் கன்ட்ரோல்’ பூச்சுள்ள கண்ணாடி பொருத்தம். எண் என்ன என்று கேட்டு, அதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். டபுள் கிளாஸ் அதற்குப் பிறகுதான்.

பிரதான சாலைச் சத்தம்தான் பிரச்சினை என்றால், இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியை கேஸ்மென்ட் சட்டத்தில் போடுவது பலன் தரும். சத்தம் சின்ன இடுக்கு கிடைத்தாலும் வந்துவிடும். ஓரத்தில் பிரஷ் மட்டுமே உள்ள ஸ்லைடிங்கில் விலையுயர்ந்த கண்ணாடி போட்டும் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சரி, எந்தச் சட்டம்?

யுபிவிசி: துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது, வெப்பத்தை எளிதில் கடத்தாது. மூலைகளை உருக்கி ஒட்டுவதால் தண்ணீர் கசிவதும் குறைவு. ஆனால் யுபிவிசிக்குத் தனியாகப் பலம் போதாது. உள்ளே துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழல் இருக்கிறதா, எத்தனை மி.மீ. என்று கேளுங்கள். மலிவான ரகம் வெயிலில் மஞ்சளித்து உடையும் தன்மைக்கு வந்துவிடும்.

அலுமினியம்: பலம் அதிகம், சட்டம் மெலிது. அதனால் பெரிய ஜன்னலுக்கும் உயரமான மாடிக்கும் ஏற்றது. வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பது குறை. கடற்கரைப் பக்கம் என்றால் பவுடர் கோட்டிங் தரமாக இருக்க வேண்டும். எந்தச் சட்டமானாலும் கீல், ஸ்க்ரூ, உருளைகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும். உப்புக்காற்றில் முதலில் போவது அவைதான். 304 ரகத்தைவிட 316 ரகம் உப்பைத் தாங்கும்.

மரம்: ‘பழசு, தூக்கிப் போடுங்க’ என்பதற்கு முன் ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நிலை உறுதியாக இருந்தால் கதவை மட்டும் மாற்றலாம், இழைத்துக் கீல் மாற்றலாம், கொசுவலைக் கதவு சேர்க்கலாம். செலவு பெரிதும் குறையும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய தேக்கை இலவசமாகக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். பழைய மரம் வாங்கும் கடைகளில் விலை உண்டு.

‘பழைய நிலைக்குள்ளேயே புதுச் சட்டத்தை மாட்டித் தர்றோம், உடைக்கவே வேண்டாம்’ என்பது இன்னொரு வழி. தூசி இல்லை, வேலை சீக்கிரம் முடியும். ஆனால் நாலு பக்கமும் 2 அங்குலம் போனால், 20 சதுர அடி ஜன்னல் 17 ஆகச் சுருங்கும். தெரிந்து முடிவெடுங்கள்.

கிரில்: திருடனுக்கு மட்டுமல்ல

பழைய ஜன்னலைக் கழற்றினால் நிலையோடு பொருத்திய கிரில்லும் போய்விடும். அந்த இடைவெளியில் எத்தனை நாள் ஜன்னல் திறந்து கிடக்கும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல.

புது கிரில்லில் கம்பிகளின் இடைவெளி 10 செ.மீ.-க்குள் இருக்கட்டும். ஜன்னல் ஓரமாகக் கட்டிலோ சோபாவோ போட்டால் அது குழந்தைக்கு ஏணியாகிவிடும். ‘இன்விசிபிள் கிரில்’ எனப்படும் மெல்லிய கம்பி வடங்கள் தவறி விழுவதைத் தடுக்கும். ஆனால் கட்டர் வைத்திருப்பவருக்கு அது பெரிய தடையல்ல. தரைத்தளத்துக்குக் கம்பி கிரில்தான் சரி.

ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு கிரில்லாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். கூடத்தில் தீப்பிடித்தால் வெளியேற அதுதான் வழி. சாவி எங்கே என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தாழ்வான பெரிய கண்ணாடிகளுக்கு டஃபன்ட் கண்ணாடி கேளுங்கள். உடைந்தால் கூர்மையான துண்டாக விழாமல் சிறுசிறு துகளாகும். கண்ணாடியின் மூலையில் ஐஎஸ் 2553 முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். டஃபன் செய்த பிறகு கண்ணாடியை வெட்ட முடியாது என்பதால், அளவு எடுப்பதில் அவசரம் கூடாது.

பொருத்துவதில்தான் பாதி வேலை

இந்தியத் தர நிர்ணயத்தின் காற்று வரைபடத்தில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயலைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் எண் அல்ல. சட்டம் சுவரோடு திருகாணியால் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். ஃபோம் அடித்து, மேலே சிலிகான் பூசினால் மட்டும் போதாது.

மழைநீர் உள்ளே வருவதற்குப் பல நேரம் ஜன்னல் காரணமே இல்லை. கீழ்த் திண்டு உள்பக்கம் சாய்ந்திருக்கும்; சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கு இருக்கும்; ஸ்லைடிங்கில் தண்ணீர் வடியும் துளைகளை சிமென்ட் அடைத்திருக்கும். இவை மூன்றையும் கொத்தனார் இருக்கும்போதே சரிசெய்ய வேண்டும். வேலையைப் பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொண்டால் வடகிழக்குப் பருவமழையின் தொல்லை இருக்காது.

ஆர்டர் கொடுப்பதற்கு முன்

• ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி வரி: திசை, திறக்கும் விதம், எத்தனை சதுர அடி திறக்கும்.
• ரேட்டில் கண்ணாடி, கொசுவலை, கிரில், பழையதைக் கழற்றுவது, பூச்சு வேலை, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்ததா?
• வாரன்ட்டி சட்டத்துக்கு மட்டுமா, உருளை, கீல், பூட்டுக்கும் உண்டா?
• ஃபிளாட் என்றால் வெளித்தோற்றம், கலர் பற்றி அசோசியேஷனிடம் எழுத்தில் அனுமதி.
• வேலை முடிந்ததும் வெளியிலிருந்து ஹோஸ் பைப்பில் 10 நிமிடம் தண்ணீர் அடித்துப் பார்த்த பிறகே மீதிப் பணம். இதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று உண்டு. வீட்டில் உள்ள ஜன்னல்களை ஒவ்வொன்றாக முழுதாகத் திறந்து, திறந்த பகுதியின் அகல உயரத்தை அளந்து கூட்டுங்கள். வீட்டின் உள்பரப்பில் அது எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அந்த எண்ணோடு கடைக்குப் போனால், ‘இப்ப எல்லாரும் இதான் போடறாங்க’ என்பவரிடம், ‘எனக்கு இவ்வளவு திறக்கணும், அதுக்கு என்ன இருக்கு?’ என்று கேட்கலாம்.