கடற்கரை வெயிலும் இன்ஜின் ஆயிலும்

மரக்காணம் உப்பளங்களில் வெயில் ஏற ஏறப் பாத்தியில் நிற்கும் நீர் அடர்ந்துகொண்டே போகும். இன்ஜின் ஆயில் இதற்கு நேர்மாறு. சூடேற ஏற நீர்த்துவிடும். ஆகவே வெயில் கொளுத்தும் இந்தக் கரையில் ஓடும் வேகமான காருக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். புதுச்சேரிக்கு அருகிலுள்ள இரும்பையில் தொடங்கிச் சென்னை வரை கார் வைத்திருப்பவர்கள் பேசிக்கொள்வதும், பல பட்டறைகளில் சொல்லப்படுவதும் இதுதான். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் 5டபிள்யூ-30 கேட்கும் இன்றைய டர்போ பெட்ரோல் இன்ஜினில் இதை நம்பி 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர், காப்பாற்ற நினைத்த இன்ஜினுக்கே கெடுதல் செய்கிறார். ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வெளியே அடிக்கும் வெயில் அல்ல. இன்ஜினுக்குள் ஆயில் எட்டும் சூடும், அந்தச் சூட்டில் அது சுமக்கும் பாரமும்தான்.

ஆயில் டப்பாவின் மேல் இருக்கும் எண்களிலிருந்தே தொடங்கலாம். எஸ்ஏஇ என்ற அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 1911-இல் வகுத்து, பலமுறை திருத்திய அளவுகோல் அது. டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் வரும் எண் குளிரைப் பற்றியது. 0டபிள்யூ ஆயில் மைனஸ் 35 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயில் மைனஸ் 15 டிகிரியிலும் இன்ஜினைச் சுழலவிட வேண்டும் என்பது சோதனை. சென்னையில் பதிவானதிலேயே குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி, அந்த மைனஸ் குளிர் நம் கரைக்கு வரப்போவதில்லை. இரண்டாவது எண் 100 டிகிரியில் ஆயிலின் பாகுநிலையைச் சொல்கிறது. 9.3 சென்டிஸ்டோக்ஸ் முதல் 12.5-க்குள் இருந்தால் 30, 12.5 முதல் 16.3-க்குள் 40, 16.3 முதல் 21.9-க்குள் 50. இந்த இரண்டையும்விட முக்கியமான எண் ஒன்று டப்பாவின் முகப்பில் இருக்காது. 150 டிகிரி சூட்டில், வேகமாக நகரும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே நசுங்கும்போது ஆயிலில் எஞ்சும் கெட்டித்தன்மை அது. 30 ரக ஆயிலுக்கு இது குறைந்தது 2.9 இருக்க வேண்டும், 5டபிள்யூ-40க்கு 3.5, 50 ரகத்துக்கு 3.7. பேரிங்குக்குத் தெரிந்த ஆயில் இந்த நிலையில் இருக்கும் ஆயில்தான்.

க்ராங்க் ஷாஃப்டுக்கும் அதன் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி மயிரிழையை விடக் குறைவு. ஷாஃப்ட் சுழலும்போது ஆயிலைத் தன்னோடு இழுத்து அந்த இடுக்கில் ஒரு படலமாக நிறுத்துகிறது. உலோகம் உலோகத்தைத் தொடாமல் அந்தப் படலத்தின் மேல் மிதக்கிறது. படலம் மெலிந்தால் தேய்மானம். இதில் வெயிலின் பங்கு எவ்வளவு? 2003 மே 31 அன்று சென்னை 45 டிகிரியைத் தொட்டது. சாதாரண நாளை விடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி அதிகம். ஆனால் கூலன்ட்டை 90 டிகிரியை ஒட்டி நிறுத்தத் தெர்மோஸ்டாட் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள காரில் சாதாரண ஓட்டத்தின்போது ஆயில் 90-க்கும் 110-க்கும் நடுவில்தான் இருக்கும், மார்கழியானாலும் கத்திரியானாலும். ஆயிலை உண்மையில் கொதிக்க வைப்பது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி நிமிடக்கணக்கில் ஓட்டுவது. அப்போது 130 டிகிரியைத் தாண்டுவது சகஜம். அந்தச் சூட்டில் 40 ரக ஆயில், 100 டிகிரியில் இருக்கும் 20 ரக ஆயிலின் அளவுக்கு நீர்த்துவிடுகிறது. கவலைப்பட வேண்டிய சூடு இதுதான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டரில் சீராகப் போகும் கார், தன் இன்ஜினுக்குள்ள சக்தியில் ஒரு சிறு பங்கையே செலவிடுகிறது. 150 குதிரைத்திறன் கொண்ட டர்போ காருக்கு அந்த வேகத்தில் இருபது இருந்தால் போதும். மரக்காணம் தாண்டி உப்பளங்களின் ஓரமாக ஓடும்போது உச்சி வெயில் எவ்வளவு அடித்தாலும், ஆயிலைப் பொறுத்தவரை அது லேசான வேலை. அதே காரை அதே நாளில், 1990 முதல் பந்தயங்கள் நடந்துவரும் இருங்காட்டுக்கோட்டைத் தளத்துக்கு ஓட்டிப் போய் அதன் 3.7 கிலோமீட்டர்ச் சுற்றை விடாமல் பத்து முறை ஓட்டினால் கதை வேறு. ஒவ்வொரு நேர்ச்சாலையிலும் முழு ஆக்ஸிலரேட்டர், ஒவ்வொரு வளைவிலும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். வெயில் ஒன்றுதான், வேலை வேறு.

உலகத் தயாரிப்பாளர்கள் செய்ததும் இதையே காட்டுகிறது. ஃபோர்டு நிறுவனம் தன் 5 லிட்டர் வி8 இன்ஜினைச் சாதாரண மஸ்டாங் ஜிடியில் வைத்தபோது அமெரிக்காவில் 5டபிள்யூ-20 ஊற்றச் சொன்னது. அதே குடும்பத்து இன்ஜினைப் பந்தயத் தளத்தை மனத்தில் வைத்து 2012-இல் பாஸ் 302 காரில் தந்தபோது 5டபிள்யூ-50 என்றது. ஒரே நாடு, ஒரே தட்பவெப்பம். செவ்ரோலெ இன்னும் தெளிவாகச் சொன்னது. 2014-இல் வந்த கார்வெட் காரின் கையேடு, தெருவுக்கு 5டபிள்யூ-30, பந்தயத் தளத்துக்குப் போகும் முன் 15டபிள்யூ-50, திரும்பி வந்ததும் மறுபடி பழைய ஆயில் என்று எழுதியிருந்தது. கெட்டி ஆயில் எப்போதும் பாதுகாப்பு என்றால் ஏன் மாற்றி ஊற்றச் சொல்ல வேண்டும்?

ஏனென்றால் கெட்டிக்கும் விலை உண்டு. 40 டிகிரியில் 20டபிள்யூ-50 ஆயில் 5டபிள்யூ-30ஐப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கெட்டியாக இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டர்போவின் பேரிங்குக்கும் மேலே உள்ள கேம் ஷாஃப்டுக்கும் அது தாமதமாகவே போய்ச் சேரும். இங்கேதான் டப்பாவின் முதல் எண், உறைபனி இல்லாத ஊரிலும் பயன்படுகிறது. வால்வு திறக்கும் நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் அமைப்புகளும் ஒரு குறிப்பிட்ட பாகுநிலையை நம்பி வடிவமைக்கப்பட்டவை. கெட்டி ஆயிலைத் தள்ளுவதற்கே இன்ஜின் சக்தியைச் செலவிடுகிறது. அந்தச் சக்தி ஆயிலுக்குள்ளேயே சூடாக மாறுகிறது. கெட்டி ஊற்றியதும் ஆயில் பிரஷர் ஏறியதைப் பார்த்துப் பலர் நிம்மதி அடைகிறார்கள். அழுத்தம் ஏறுவது ஆயில் போக மறுப்பதாலும் இருக்கலாம். பேரிங்குக்கு வேண்டியது ஓட்டம். கெட்டி ஒரு உத்தரவாதமும் அல்ல: பி.எம்.டபிள்யூ எம்3 காருக்கு 2000-களின் தொடக்கத்திலேயே 10டபிள்யூ-60 பரிந்துரைக்கப்பட்டது. ஆனாலும் அந்த இன்ஜின்கள் பலவற்றில் கனெக்டிங் ராடு பேரிங்குகளை நிறுவனமே மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதற்கு மெக்கானிக்குகள் சொல்லும் மறுப்பை அலட்சியப்படுத்தக் கூடாது. முப்பது வருடமாக 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஊற்றி வண்டிகள் நன்றாக ஓடுவதைப் பார்த்தவர்கள் அவர்கள். அது உண்மையும்கூட. அம்பாசடர் இன்ஜினின் இடைவெளிகள் பெரியவை. அதற்குக் கெட்டி ஆயில் பொருந்தியது. சென்னையில் உருவாகும் புல்லட்டுக்கு இன்றும் 15டபிள்யூ-50தான். காற்றால் குளிரும் அந்த இன்ஜினில் ஆயிலின் சூடு கட்டுக்குள் நிற்பதில்லை. அதே ஆயில்தான் கியர்களையும் கிளட்சையும் கவனிக்கிறது. அந்த அனுபவம் அந்த வண்டிகளுக்குச் சரி. நீரால் குளிர்ந்து, நுணுக்கமான இடைவெளிகளோடு, டர்போவும் நேரடி எரிபொருள் பீய்ச்சலும் கொண்ட இன்ஜினுக்கு அதை அப்படியே எடுத்துவர முடியாது.

இன்னொரு மறுப்பு கனமானது. மெல்லிய ஆயிலை நிறுவனங்கள் சொல்வது இன்ஜினின் ஆயுளுக்காக அல்ல, மைலேஜ் சட்டத்துக்காக என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. இந்தியாவில் 2017-18 முதல் நிறுவனத்தின் சராசரி எரிபொருள் செலவுக்கு வரம்பு உண்டு. 2022-23-இல் அது இறுகியது. மெல்லிய ஆயில் தரும் சிறிய மிச்சமும் அந்தக் கணக்கில் சேரும். இந்த மறுப்புக்கு வலுச் சேர்ப்பதுபோல, 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி8 வண்டிகளில் சுமார் 6 லட்சத்தை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. சோதனையில் தேறியவற்றுக்கு 0டபிள்யூ-20க்குப் பதில் 0டபிள்யூ-40 ஊற்றியது. ஆனால் அங்கே அடிப்படைக் கோளாறு க்ராங்க் ஷாஃப்டும் கனெக்டிங் ராடும் செய்யப்பட்ட விதத்தில் இருந்தது. அப்போதும் முதல் எண்ணைத் தொடாமல் இரண்டாவதை மட்டும் உயர்த்தினார்கள். எனவே கையேட்டை வேதமாக எடுக்க வேண்டியதில்லை. அது ஒரே இன்ஜினுக்குப் பல ரகங்களை அனுமதித்தால், நம் ஊரில் வேகமாக ஓட்டுகிறவர் அவற்றில் கெட்டியானதைத் தயங்காமல் எடுக்கலாம். அந்தப் பட்டியலைத் தாண்டிக் குதிப்பதுதான் தவறு.

பந்தயத் தளத்துக்குப் போகிறவர் ஊகத்தை நம்ப வேண்டாம். பல கார்களின் திரையிலோ, கோளாறு கண்டறியும் சாக்கெட்டில் செருகும் சிறு கருவியிலோ ஆயிலின் சூட்டைப் படிக்கலாம். சுற்றுக்குச் சுற்று 120 டிகிரிக்கு மேலேயே நின்றால் ஒரு ரகம் ஏறுவதற்குக் காரணம் இருக்கிறது. 140-ஐத் தொட்டால் ஆயிலை மாற்றுவதைவிட ஆயில் கூலர் பொருத்துவது நல்லது.

இந்தக் கரையின் வேகக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ள ஆபத்து இதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நேரடி பீய்ச்சல் இன்ஜின் சூடாகும் முன்பே வண்டி நின்றுவிட்டால், எரியாத பெட்ரோல் பிஸ்டன் ஓரமாக இறங்கி ஆயிலில் கலக்கிறது. உள்ளே சேரும் ஈரமும் ஆவியாகிப் போவதில்லை. 30 ரக ஆயில் சில மாதங்களில் 20 ரகமாக இளகிவிடலாம். அதற்கு மருந்து 20டபிள்யூ-50 அல்ல. இரும்பையிலிருந்து புதுச்சேரி வரை மட்டும் நாளும் போய்வரும் டர்போ காருக்கு, கையேட்டின் பட்டியலில் உள்ள நல்ல சிந்தெட்டிக் ஆயிலை நம்பகமான கடையில் வாங்கி, குறித்த கிலோமீட்டர் வரும்வரை காத்திராமல் ஆறு மாதத்துக்கொரு முறை மாற்றிவிடுவதே சரியான செலவு.