கண்டல் காடும் எமது அடுப்பும்

பொழுது சாயும் வேளையில் கடல்நீரேரிக் கரையோரமாக நடந்தால், தலையில் விறகுக் கட்டுடன் வரும் பெண்களைக் காணலாம். அவர்களிற் பலர் கடலை நம்பிப் பிறந்தவர்கள் அல்லர். செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர்கள். 1990இலும் பின்னர் 1995 ஒக்ரோபரிலும் எழும்பி ஓடி, உறவினர் வளவிலும் நலன்புரி நிலையங்களிலும் காலங்கழித்து, கடைசியில் நீரேரிக் கரையில் குடிசை போட்டவர்கள். அவர்கள் வெட்டி வருவது கண்டல் விறகு. “வெட்டாதே” என்று சொல்வது எவருக்கும் சுலபம். உலை வைக்க வேறு வழி காட்டாமல் அதைச் சொல்வதில் பயனில்லை என்பதே எமது எண்ணம்.

முதலில் இந்தக் காடு என்ன செய்கிறது என்று பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை; பெருங்காடும் இல்லை. நீரேரிகளின் ஓரத்தில் உவர்ச் சேற்றில் நிற்கும் கண்டல்தான் எமக்கு மிஞ்சிய இயற்கைக் காடுகளில் ஒன்று. உவர் மிகுந்த தரையையும் தாங்கி, சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மூச்சு வேர்களை நீட்டி நிற்பது வெண்கண்டல். தண்ணீரோரத்தில் வளைந்த முட்டுவேர்களுடன் நின்று, முருங்கைக்காய் போன்ற முளைத்தண்டைத் தொங்கவிடுவது கண்டல். பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு செய்யும் தில்லையும் இவற்றுடன் சேர்ந்தது. இந்த வேர்களுக்கிடையில்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் பெரிய மீனுக்குத் தப்பி வளருகின்றன. ஆகவே கரையில் ஒரு கட்டு விறகு வெட்டும்போது, அயல்வீட்டு மீனவரின் வலையிலும் கொஞ்சம் குறைகிறது.

இதைவிட இன்னொரு விடயமும் உண்டு. மரங்கள் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உள்வாங்கி உடலாக்குவதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். சாதாரண காட்டில் உதிரும் இலை விரைவில் உக்கி, அந்த வாயு மீண்டும் காற்றுடன் கலக்கிறது. கண்டற் சேற்றிலோ காற்றுப் புகாது. இலையும் வேரும் உக்காமல் நூற்றாண்டுக் கணக்கில் அடியிற் கிடக்கின்றன. ஒரே பரப்பில் தரைக்காடுகளைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு காபன் கண்டலில் தேங்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். இறால் பண்ணைக்காகச் சேற்றைக் கிண்டினால், அத்தனை காலம் சேர்ந்தது வெளியேறத் தொடங்கிவிடும். உலகம் சூடாகிறது, மழை பருவம் தப்புகிறது என்று கவலைப்படுபவர்கள் எமது சேற்றைப் பற்றிப் பேசுவது இதனாற்றான்.

(கண்டல் நின்றால் கிணற்று நீர் நன்னீராகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி நம்பியிருக்க வேண்டாம். எமது கிணறுகளில் இருப்பது சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் மிதக்கும் மழைநீர். இயந்திரம் வைத்து அளவுமீறி இறைத்தால் எந்த மரமும் காப்பாற்றாது.)

அப்படியானால் புதிதாக நட்டுவிடலாமே என்று கேட்கலாம். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரையெங்கும் அப்படித்தான் நட்டார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையில் நடப்பட்டதாகவும் அதில் 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே தேறியதாகவும் காட்டியது. பார்த்த 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தவை கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்றே. காரணம் எளிது. முளைத்தண்டைக் கையாற் குத்துவது சுலபம் என்பதால் எங்கும் கண்டலையே குத்தினார்கள், வெண்கண்டலுக்குரிய தரையிலும், எந்த மரமும் நிற்காத தரையிலும். நட்டபின் திரும்பிப் பார்க்கவும் ஆளில்லை. நாமும் ஒரு கரையில் நட்டுப் படமும் எடுத்தோம். அடுத்த மாரிக்குள் பாதியை ஆடு மாடு தின்றன. மீதி வெயிலிற் காய்ந்தன.

நீர் வந்துபோகும் வாய்க்காலை மண்ணோ மதகில்லாத அணையோ அடைத்திருந்தால், அதைத் திறப்பதே முதல் வேலை. தாய்மரம் அருகில் நின்றால் விதை தானாக மிதந்து வரும். ஆடு மாடு புகாமல் இரண்டு மூன்று வருடம் வேலி கட்டிக் காத்தாற் போதும். நிற்கும் மரத்தைக் காப்பது நடுவதைவிட மலிவு.

இனி அடுப்புக்கு வருவோம். எமது மூத்தோர் கதியால் போட்ட வேலியை நினைத்துப் பாருங்கள். கிளுவை, பூவரசு, கிளிசரிடியா ஆகியவற்றை மாரி தொடங்கும்போது தடியாக ஊன்றினால் வேர்விடும். வேர் ஊன்றியபின் கிளிசரிடியாவை வருடத்தில் சில தடவை வெட்டலாம்: இலை ஆட்டுக்கும் தோட்டத்தில் தாழ்க்கும் குழைக்கும், தடி விறகுக்கும். ஒரு பரப்புக் காணியில் குடியிருப்பவர்கூட நான்கு பக்கமும் இதைச் செய்யலாம். வேர்விடும் வரையில் விறகு தட்டுப்பாடாகவே இருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கையில் காசுமில்லாமல் காட்டைக் காக்கமுடியாது என்பதை உணர்ந்த முயற்சி ஒன்று 2015இல் தொடங்கியது. சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீச அமைப்பும் அமெரிக்காவின் சீக்கோலொஜி நிறுவனமும் அரசாங்கத்துடன் சேர்ந்து, நாட்டின் கண்டல் முழுவதையும் காக்கத் திட்டமிட்டன. கரையோரப் பெண்கள் 15,000 பேருக்குப் பயிற்சியும் சிறுகடனும். பதிலுக்குத் தமது கரையின் கண்டலை அவர்கள் காக்கவேண்டும். அதன் பின்னர் 2024இல் இலங்கையின் கண்டல் மீட்பு வேலையை ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரி மீட்பு முயற்சிகளில் ஒன்றாக அறிவித்தது. கடன் என்றதும் கையெழுத்திடாமல், வட்டியையும் தவணையையும் முதலில் கேட்டறியுங்கள். காபனுக்குப் பணம் தருவோம் என்று எவராவது கடதாசியுடன் வந்தாலும் அப்படியே. எத்தனை வருடத்துக்கு எந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரியாமல் சங்கத்தின் பெயரில் ஒப்பமிட வேண்டாம்.

காணி திரும்பக் கிடைத்தவர்களுக்கு ஒரு சொல். ஆளில்லாத காலத்தில் பற்றையேறிய வயலையும் வளவையும் காடென்று எல்லையிட்டுவிட்டதாக வடக்கின் பல பகுதிகளில் முறைப்பாடுகள் உண்டு. அனுமதியின்றிக் கண்டல் வெட்டுவதும் குற்றம். ஆகவே கத்தியை எடுக்குமுன், உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ எடுத்துக்கொண்டு கிராம அலுவலரிடம் போங்கள். அவரோடு பிரதேச செயலகத்துக்குப் போய், வனவளத் திணைக்களத்தின் எல்லை எங்கே ஓடுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். உறுதி தொலைந்தவர்கள் காணிக் கந்தோரில் பிரதி எடுக்கலாம். தனியாகப் போவதிலும் பத்துக் குடும்பம் சேர்ந்து போவது நல்லது.