சோலைக்காடு மீளும் வகை

நீலகிரி ஜில்லாவின் உயர்ந்த பாகங்களில் ஆதிக்காடு மலை முழுவதையும் மூடி நின்றதன்று. பள்ளங்களிலும் ஓடைத் தலைகளிலும் சோலை மரங்களும், மேட்டுச் சரிவுகளில் புல்லுமாகவே அஃது அமைந்திருந்தது. ஆகையால், மரமில்லாச் சரிவெல்லாம் தரிசென்று எண்ணிக் கன்று நடுவது தவறாகும். புல்வெளியும் மழைநீரை உட்கொண்டு ஓடைக்கு மெல்ல விடுவதேயாம்.

குன்னூர் தாலூகா ஜெகதளா முதலிய கிராமங்களின் தேயிலை நிலக்காரர்களுக்கு இவ்விஷயம் அந்நியமானதன்று. அடுத்துள்ள கோத்தகிரியில் 116 ஹெக்டேர், அதாவது சுமார் 287 ஏக்கர் விஸ்தீரணமுள்ள லாங்வுட் சோலை சுற்றுக் கிராமங்களுக்குக் குடிநீர் ஆதாரமாயிருக்கிறது. 2024-ஆம் வருஷத்தில் அது ராம்சார் உடன்படிக்கையின் ஜாபிதாவிலும் சேர்க்கப்பட்டது.

19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவினின்று கொணரப்பட்ட கற்பூர மரமும் சீகையும், விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாக இம்மலையெங்கும் பரப்பப்பட்டன. இவற்றை ஒரேயடியாக வெட்டித் தள்ளினால் சோலை திரும்பிவிடும் என்பது பலருடைய எண்ணம். நடப்பதோ வேறு. சீகை விதை மண்ணுக்குள் பல்லாண்டு கெடாமல் கிடக்கும். வெயிலும் நெருப்பும் பட்டவுடன் அடர்ந்து முளைக்கும். கற்பூர மரம் வெட்டிய அடியிலிருந்தே தழைக்கும். சோலைக் கன்றுகளோ திறந்த வெளியின் உறைபனியையும் வெயிலையும் தாங்கமாட்டா.

பழைய சீகைத் தோப்புகளின் நிழலிலேயே, பறவைகள் கொணர்ந்த விதையினால் நாவல், விக்கி முதலிய கன்றுகள் தாமாக முளைத்திருப்பதைக் காணலாம். அருகே சிறிது சோலை எஞ்சியிருந்தால் இது எளிதில் நிகழும். அந்நிழலை உடனே நீக்காமல், கன்றுகள் உயர உயர மேல்மரங்களைச் சிறிது சிறிதாகக் குறைத்து, புதிதாக எழும் சீகை நாற்றுகளை மட்டும் ஆண்டுதோறும் வேரோடு பிடுங்கி வருவதே உசிதம். ஆடுமாடு புகாமல் காக்கவேண்டும்; தீயை அறவே விலக்கவேண்டும். பலன் காணப் பல வருஷங்கள் செல்லும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

கன்று தாமாக எழாத பள்ளங்களில் மாத்திரம் நடவு தேவைப்படும். நாவல் விதை உலர்ந்தால் முளைக்கும் சக்தியை விரைவில் இழந்துவிடுமாதலால், பழம் உதிர்ந்தவுடன் நிழல் நாற்றங்காலில் விதைத்து, தென்மேற்குப் பருவ மழையின் தொடக்கத்தில் நடுவது நலம்.

மரம் குறைக்கப் புகுமுன் கிராம உத்தியோகஸ்தர்கள் ஒன்றைத் தெரியப்படுத்த வேண்டும். 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டா நிலத்து மரமாயினும் உரிய கமிட்டியின் அனுமதியின்றி வெட்டலாகாது.